மரத்த விரல்களும் நான் இருக்காத விரதமும்

எனக்குக் குஷ்டரோகம் வந்துவிட்டது என்று இரண்டு மாத காலம் முழு மனத்தோடு நம்பினேன். டாக்டர் யாரும் சொல்லவில்லை. நானே நோயாளி, நானே டாக்டர், என்னை ஊரைவிட்டு ஒதுக்கிவைத்த நாட்டாமையும் நானே. அந்த நோய் வந்து அவதிப்பட்டவர்களைப் பற்றி இதில் கேலி ஒன்றும் கிடையாது. கேலிக்கு உரிய ஆள் நான் ஒருவன்தான். கை மரத்துப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் அடித்த கூத்தையெல்லாம் அடிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஓர் அரசாங்க இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் டைப் அடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. எதிரே இருப்பவரோடு வம்பளந்துகொண்டே பக்கம் பக்கமாக அடிப்பேன். இனி அறிவிப்புகள் இங்கிலீஷ், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழியிலும் போகவேண்டும் என்று ஆனபோது, எங்கள் அலுவலகத்தில் ஒரு தமிழ் டைப்ரைட்டர் வந்து இறங்கியது. பெரிய கிராணி சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே தமிழர்கள் இரண்டே பேர். சவரிமுத்து, விழாத பென்சிலைக் குனிந்து தேட ஆரம்பித்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வேலை என் தலையில் விழுந்தது. பரீட்சையில் தேறினால் தமிழ்ப் பிரிவுக்கு நானே பொறுப்பு என்று சொன்னார்கள். தமிழனுக்குத் தமிழ் அடிக்க என்ன கஷ்டம் என்று நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் மாலை வகுப்பு. ஒன்றும் தெரியாதவன் சீக்கிரம் கற்றுக்கொண்டான். எனக்கோ ஒவ்வொரு விரலுக்கும் ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருந்தது. இடது சுண்டுவிரல் அத்தனை வருஷமும் ‘ஏ’யோடு வாழ்ந்தது. அந்த இடத்தில் இப்போது ‘ய’ உட்கார்ந்திருந்தது. ‘எஃப்’ இருந்த வீட்டில் ‘க’. அரைப்புள்ளி இருந்த மூலையில், வலது சுண்டுவிரலுக்கு அடியில், மெய்யெழுத்தின் புள்ளி. அந்தப் புள்ளிதான் பெரிய வம்பு. கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைப்போம். மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். அடித்தால் தாளைச் சுமக்கும் வண்டி நகராது. அடுத்து எழுத்தை அடித்தால் அது புள்ளிக்குக் கீழே வந்து நிற்கும். தொப்பியை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, பிறகு ஆளைக் கூப்பிட்டு அதற்குள் நிற்கவைக்கிற மாதிரி. நான் ‘அம்மா’ என்று அடித்தால் ‘அமமா’ வந்தது, இல்லையென்றால் தொப்பி பக்கத்து ஆளின் தலையில் போய் உட்கார்ந்தது.

வகுப்பில் ஒரு சட்டம். தப்பு வந்தால் தாளை உருவிப் போட்டுவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். பழகுவதற்கு என் இலாகாவே குஷ்டரோகத்தைப் பற்றிய ஒரு சுகாதாரத் துண்டறிக்கையைக் கொடுத்திருந்தது. அதன் முதல் பத்தி எனக்கு இன்றும் மனப்பாடம். விரல்களில் மதமதப்பு. தொட்டால் உணர்ச்சி குறைதல். பொருள்கள் கைநழுவி விழுதல். எத்தனை புள்ளிகள் என்று பாருங்கள். நான் அந்தப் பத்தியைத் தாண்டியதே இல்லை. டைப் அடிக்கிறவன் படிக்கவும் மாட்டான். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவே மூளைக்கு வேலை கிடையாது.

ஒரு நாள் மாலை ‘விரல்களில் மதமதப்பு’ என்று அடித்துக்கொண்டிருக்கும்போது என் விரல்கள் மதமதத்தன. அன்றைக்கு முதல்முறையாக அந்த வரியைப் படித்தேன்.

அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வலது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்ந்தது. கையை உதறினால் போகும். மறுபடி வரும். சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படவில்லை. சில்லறை நழுவியது. தேக்கா மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது, கையில் இருப்பது காயா காற்றா என்று குனிந்து பார்த்தேன். தூக்கத்தில் கை எரிந்து விழித்துக்கொள்வேன். எழுந்து நடப்பேன். பஃபலோ ரோட்டில் எங்கள் மேல்மாடி அறை, நான் நடப்பதற்குப் போதாது. நாலு எட்டில் சுவர் வந்துவிடும்.

என்னை ஊருக்கு வெளியே, வேலி போட்ட ஒரு இடத்துக்குக் கொண்டுபோவார்கள், என் மனைவி லோகா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். இதுதான் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கும் நோய் ஒட்டிவிடக்கூடாது என்று, வாயைத் திறக்காமல் நானே ஏற்பாடுகள் செய்தேன். எனக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. வாசலோரம் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். அவள் கை பட்டால் விலகினேன். தோலுக்கு ஆகாது என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பி ஆட்டிறைச்சியையும் மீனையும் விட்டேன். முகத்தையும் உம்மென்று வைத்துக்கொண்டேன்.

கையில்லாமல் கூட இருந்துவிடலாம், லோகா இல்லாமல் எப்படி என்று நினைத்து நினைத்து நான் உருகிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு வேலாயுதம் ஏறிவந்து என்னைக் கும்பிட்டார். வேலாயுதம் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஆட்களைச் சேர்த்து டேங்க் ரோட்டு முருகன் கோயிலுக்குக் காவடியோடு அழைத்துப் போகிறவர். கண் கலங்கியிருந்தார்.

“சொல்லாமக் கொள்ளாம விரதம் ஆரம்பிச்சிட்டீங்களே கிராணியாரே. பால்காவடியா, அலகா?”

பாய், தனித் தட்டு, கறி மீன் கிடையாது, மனைவியைத் தொடுவது கிடையாது, சிரிப்பும் கிடையாது. தைக்கு இன்னும் சில வாரங்கள். யோசித்துப் பார்த்தால் அவர்மேல் தப்பே இல்லை. எனக்கு இந்த வியாதி என்று சொல்வதைவிட, ஆமாம் விரதம் என்று தலையாட்டுவது சுலபமாக இருந்தது. ஆட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த நான்கு குடும்பங்களும் என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டன. பொதுச் சமையல்கட்டில் எனக்கென்று ஒரு அடுப்பைக் கழுவி வைத்தார்கள். தினமும் விடியும்போது ஜன்னலோரம் நின்று, உணர்ச்சி இருக்கிறதா என்று விரலில் ஊக்கால் குத்திப் பார்ப்பேன். அதைப் பார்த்துவிட்டு வேலாயுதம், “அலகுக்குப் பழகிக்கிறாரு” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

சவரிமுத்து மட்டும் நம்பவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற அவன், எங்கள் சாமி விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

“விரதம் இருக்கிறவங்க மூஞ்சி இப்படியா இருக்கும் அண்ணே? நீங்க முருகனுக்குப் பயந்த மாதிரி இல்ல. போலீஸுக்குப் பயந்த மாதிரி இருக்கீங்க லா.”

நான் புள்ளியை அடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது எனக்கென்று கழுவி வைத்த அந்த அடுப்புதான். சூடாக இருந்த கஞ்சிப் பாத்திரத்தைத் துணியில்லாமல் கையால் இறக்கிவைத்தேன். சூடு தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த லோகாவின் முகத்தில்தான் தெரிந்தது. ஆள்காட்டி விரலில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. கொப்புளத்தில் தண்ணீர் ஊற்றினாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் எனக்கு முன்பே புடவை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு நின்றாள். விரதம் கெட்டுவிடும் என்று இழுத்துப் பார்த்தேன்.

“முருகன் காத்திருப்பாரு. டாக்டர் காத்திருக்க மாட்டாரு. கெளம்புங்க.”

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம். நீள நீளமான பெஞ்சுகள், டெட்டால் வாசனை, சீனம், மலாய், தமிழ் எல்லாம் கலந்த இருமல். நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. எழுந்துபோய் எடை பார்த்தேன். திரும்பிவந்து, சந்தேகத்துக்கு மறுபடியும் பார்த்தேன். சுவரிலிருந்த அறிவிப்புகளை எல்லாம் படித்தேன், என் நோயைப் பற்றிய அறிவிப்பு மட்டும் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே. என் பெயரைக் கூப்பிட்டபோது நான் கக்கூஸில் ஒளிந்திருந்தேன். லோகா வெளியே நின்று கதவைத் தட்டினாள்.

டாக்டர் ஒரு சீனர், என்னைவிட வயது குறைந்தவர், பேச்சும் குறைவு. எந்த விரல் என்று இங்கிலீஷில் கேட்டார். ஐந்தும் என்றேன். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலையும் பஞ்சால் தொட்டார். பட்டால் சொல்ல வேண்டும். நான் பேசாமல் இருந்தேன், ஒன்றும் படவில்லை. பிறகு ஒரு இடத்தில் பட்டது. சொன்னேன். மறுபடியும் அதே இடம். மறுபடியும் சொன்னேன். கண்ணைத் திறந்தால் பஞ்சு என் சுண்டுவிரலின் மேல் இருந்தது. நாளெல்லாம் புள்ளி அடித்து நான் சபித்த விரல், ஐந்தில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான். பயத்தில் அதையும் சேர்த்து மரத்துப்போனதாகக் கணக்கு வைத்திருந்தேன்.

பிறகு மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு விரலால் தட்டினார். கரண்ட் அடித்த மாதிரி நடுவிரல் நுனிவரை சுரீர் என்று ஓடியது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கச் சொன்னார். கும்பிடுவதைத் தலைகீழாகச் செய்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்துவிட்டன. அவர் தலையை ஆட்டினார்.

அவர் சொன்னதைச் சொல்கிறேன். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. மேலே தடித்த நார் ஒன்று கூரை மாதிரி மூடியிருக்கிறது. விரல்களை மடக்கும் நாண்கள் எல்லாம் அதற்குள்ளேதான் போகின்றன. அவற்றோடு நெருக்கிக்கொண்டு ஒரு நரம்பும் போகிறது. கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதிவரை உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்பு. உள்ளே வீங்கினால் கூரை நகராது, நரம்புதான் நசுங்கும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது வேறு வழியாகப் போகிறது. அதனால் அது தப்பித்தது.

லோகா பக்கத்தில் இருந்ததால் குரலைத் தாழ்த்தி, இது அந்த நோய் இல்லையா என்று கேட்டேன். அவர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, காது மடல், முழங்கை எல்லாம் தடவிப் பார்த்தார். இல்லை என்றார். இது எதனால் வந்தது என்று கேட்டேன். சில சமயம் கர்ப்பிணிகளுக்கு வரும், நிறையத் துணி துவைப்பவர்களுக்கும் வரும் என்றார். நான் இரண்டும் இல்லை என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

மட்டை வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். எறும்புகள் குறையவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை லேசாக வற்றத் தொடங்கியிருந்தது. இனித் தாமதித்தால் கட்டைவிரல் பலம் போய்விடும், அந்த நார்க்கூரையை வெட்டிவிட வேண்டும் என்றார் டாக்டர். படுக்கை கொடுத்தார்கள்.

நான் அவரை நம்பவே இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர், மனம் நோகாமல் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். கையை வெட்டிப் பார்ப்பதே அந்த நோயை உறுதிப்படுத்தத்தான். வார்டில் என் டம்ளரை அலமாரியின் கடைக்கோடியில், துணியால் மூடி வைத்தேன். பக்கத்துப் படுக்கையில் பாக் ஹமீத், கால் உடைந்த மலாய்க்கார டிரைவர். அவர் அன்போடு நீட்டிய பிஸ்கட்டைத் தொடாமல், தூரத்திலிருந்து போடச் சொன்னேன். அவர் நான் பெரிய சாமியார் என்று நினைத்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் எனக்கு இந்தப் பதவி கிடைத்துக்கொண்டே இருந்தது.

வார்டில் ராத்திரி என்பது விளக்கு அணைப்பது மட்டும்தான். ஒருவர் முனகுவார், ஒருவர் குறட்டை விடுவார், டிராலி உருளும். நான் போர்வையின் மேல் இடது கையால், டைப் வகுப்பின் முதல் பாடமான யளனக, யளனக என்று அடித்துக்கொண்டிருப்பேன். ராத்திரி நர்ஸ் ஞானம்மா மிஸ்ஸி டார்ச்சோடு வந்து, “கையை விட்டுட்டுத் தூங்குங்க அங்கிள், இங்க யாரும் லெட்டர் கேக்கல” என்பார். பில்லை நினைத்துக் கொஞ்ச நேரம் பயப்படுவேன், பிறகு கையை நினைத்துக் கொஞ்ச நேரம். இரண்டிலும் களைத்தபின் லோகா தனியாக பஃபலோ ரோட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஆரம்பிப்பேன். அதற்கு விடியும்வரை முடிவு கிடையாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், பார்வையாளர் நேரத்தில் லோகா பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தாள். வலது கையில் மட்டை. சாப்பிடுவதற்கு எனக்கு மிச்சம் இருந்தது இடது கைதான், அதை வாய்க்குக் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தது. அவள் வந்தவுடன் சோற்றைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக்கி, இலையில் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள், நான் எந்தக் கையால் எடுக்கிறேன் என்று பார்க்காமல். அன்று உருண்டை முடிந்ததும், அலமாரியின் கோடியிலிருந்து என் டம்ளரை எடுத்துக் காப்பியை ஊற்றினாள். ஊற்றி, அவளே பாதி குடித்தாள். நான் எழுந்து அதைப் பிடுங்கப் போனேன்.

“உக்காருங்க,” என்றாள். “ஒரு மாசமா இதுலதான் குடிக்கிறேன். நீங்க ஆபீசுக்குப் போனப்புறம்.”

அவள் இலையை மடித்துக்கொண்டே பேசினாள். துவைக்கிறபோது என் சட்டைப் பையில் கசங்கிய தாள்கள் இருந்தனவாம். எல்லாவற்றிலும் அதே முதல் பத்தி. அவள் நேரே சவரிமுத்துவிடம் போய் முழுத் துண்டறிக்கையையும் கேட்டு வாங்கிக் கடைசிவரை படித்திருக்கிறாள்.

“கடைசில என்ன போட்டிருக்கு தெரியுமா? மாத்திரை இருக்கு, குணமாகும், பயப்படாதீங்கன்னு போட்டிருக்கு. நீங்க அதுவரைக்கும் அடிச்சதே இல்லையாமே.”

“தெரிஞ்சும் ஏன் லோகா சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க ஜோகூருக்கு ஓடியிருப்பீங்க. ஆபீஸ் மூலமா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கித் தர்றேன்னு சவரிமுத்து தம்பி சொல்லிச்சு. அது வர்றதுக்குள்ள நீங்க கையைச் சுட்டுக்கிட்டீங்க.”

பிளாஸ்க்கை மூடிக்கொண்டே, வேறு யாரோ செய்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

“விரதம்னு வேலாயுதத்துகிட்ட சொன்னதும் நான்தான். தனித் தட்டு, தனிப் பாய். நாலு குடும்பம் பார்க்குது. சந்தேகம் வந்தா ரூமைக் காலி பண்ணச் சொல்வாங்க. என்ன சொல்றது நானு? சாமி பேரைச் சொன்னேன்.”

நான் வேலிக்கு அந்தப் பக்கம் அவளைத் தனியாக நிறுத்திவிட்டு இரண்டு மாதம் அழுதுகொண்டிருந்தேன். அவள் எப்போதோ வேலியைத் தாண்டி உள்ளே வந்து, என் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மிச்சக் காப்பியை வாங்கிக் குடித்தேன். டாக்டர் சொன்னது உண்மை என்று அப்போதுதான், அந்தக் காப்பிக்குப் பிறகுதான், நம்பத் தொடங்கினேன். என்ன காரணத்தாலோ.

ஆபரேஷனில் கையை மட்டும் மரக்கவைத்தார்கள். முகத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு பச்சைத் துணியைத் திரை கட்டினார்கள். வெட்டுவது தெரியவில்லை, இழுப்பது தெரிந்தது. டாக்டர்கள் அந்தப் பக்கம் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பக்கம் தெரிந்த சாமி பெயரை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தீர்ந்துவிட்டதும் ஞானம்மா மிஸ்ஸியின் மாதாவையும் சேர்த்துக்கொண்டேன். முடிந்ததும் டாக்டர் திரைக்கு மேலே எட்டிப் பார்த்து, நரம்பு அந்த இடத்தில் நசுங்கித் தட்டையாக இருந்தது, இப்போது இடம் விட்டாயிற்று என்றார். அன்று சாயங்காலமே கட்டுக்குள் எரிச்சல் குறைந்திருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு, கை எழுப்பாமல் தூங்கினேன்.

தைப்பூசத்தன்று நான் கட்டுப்போட்ட கையோடு வீட்டில் இருந்தேன். வேலாயுதத்திடம் டாக்டர் தடுத்துவிட்டார் என்று சொன்னோம். முருகன் அலகுக்குப் பதிலாகக் கத்தியைக் கேட்டிருக்கிறான் என்று அவர் சமாதானப்பட்டுக்கொண்டார். பால்குடம் எடுத்துக்கொண்டு டேங்க் ரோட்டுக்கு நடந்தது லோகா. சாமி பெயரைச் சொன்னது அவள், கொடுக்க வேண்டியதும் அவள்தானாம். திரும்பி வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கையால் என்னால் முடிந்தவரை பிடித்துவிட்டேன்.

கடைசியாக ஒருமுறை டாக்டரைப் பார்க்கப் போனேன். தழும்பைப் பார்த்தார், விரல்களைக் கிள்ளிப் பார்த்தார், திருப்திதான். ஆனால் என் வயதில் ஒரு கிராணிக்கு இது ஏன் வந்தது என்பது அவரைக் குடைந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் இருந்த டைப்ரைட்டரைக் காட்டி, உட்கார்ந்து அடித்துக் காட்டுங்கள் என்றார். இங்கிலீஷில் அடித்தேன். கை மிதந்தது, ஒன்றும் சொல்லவில்லை. தமிழ் எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டார். அதே மெஷினில், தமிழ் என்று நினைத்துக்கொண்டு விரல்களை வைத்தேன்.

அவர் குனிந்து என் மணிக்கட்டுகளைப் பார்த்தார்.

தமிழ் அடிக்கும்போது விரல்கள் பழைய இங்கிலீஷ் இடங்களுக்கு ஓடிவிடக்கூடாது என்று, இரண்டு மணிக்கட்டையும் மேசையின் விளிம்பில் ஊன்றி அழுத்திக்கொண்டு, விரல்களை மட்டும் மேலே நிமிர்த்தி அடித்திருக்கிறேன். மெஷின் உயரம், மேசை விளிம்பு கூர்மை. போதாததற்கு, புள்ளிக்காக வலது கையை மட்டும் இன்னும் கொஞ்சம் திருகுவேன். வகுப்பு ஆசிரியையும் கையைத் தூக்குங்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். டைப் அடிப்பதில் எனக்குப் போய்ச் சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு மனிதன் மாதக்கணக்கில் தன் மணிக்கட்டை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினான். உள்ளே இருந்த நரம்பு நசுங்கியது.